மாசி மாதமும் தேனீப் பெட்டிகளும்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சங்கத்திற்கு இருப்புச் சோதனைக்காகச் சென்றிருந்தேன். நூல் சிப்பங்களையும் துணிகளையும் எண்ணி முடித்து, உர மூட்டைகளையும் சரிபார்த்தபின், கடனுதவியைக் கொண்டு அங்கத்தினர்கள் வாங்கியிருந்த தேனீப் பெட்டிகளைப் பார்வையிட வேண்டியிருந்தது. ஓர் அங்கத்தினர் பெயரில் 8 கூட்டங்கள் என்று பதிவேடு கூறியது. அவருடைய தென்னந்தோப்பிலும் 8 பெட்டிகள் வரிசையாக இருக்கக் கண்டு, சரி என்று குறியிட எழுதுகோலை எடுத்தேன். அவர் நேர்மையாளர். "ஐயா, பெட்டி எட்டு உண்டு, உள்ளே பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார்.

மூடியைத் திறந்து பார்த்தோம். ஐந்து பெட்டிகளில் வேலை சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தது. இரண்டில் ஒரு கைப்பிடி அளவு தேனீக்கள் சோர்ந்து கிடந்தன. எட்டாவது பெட்டியில் தேனீயே இல்லை; மெழுகுப் பூச்சியின் புழுக்கள் அடைகளைத் துளைத்து, சிலந்தி வலைபோல் நூல் பரப்பியிருந்தன. தை மாதம் முழுவதும் இந்த மூன்று பெட்டிகளே மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன என்று அவர் சொன்னபொழுது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சித்திரையில் தேன் எடுத்துக் கடன் தவணையைக் கட்டுவதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இருப்புக் குறைவிற்குக் காரணம் எழுதப் பதிவேட்டில் இடம் உண்டு. களவு போயிற்று, தீப்பற்றியது, வெள்ளத்தில் சென்றது, நோயால் மடிந்தது என்று எழுதலாம். பிணையாகக் காட்டிய சொத்து நடுப்பகலில் தானாகவே எழுந்து வேலியைத் தாண்டிப் பறந்து சென்றது என்று எழுத எந்த விதியிலும் இடமில்லை. அன்று நான் என்ன எழுதினேன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். இத்தகைய நஷ்டம் வருவதற்கு முன்பே தடுக்கக்கூடியது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சம்பா அறுவடையாகி, வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் எள்ளும் பூக்கத் தொடங்கும்பொழுது தேனீக்களுக்கு நற்காலம் பிறக்கிறது. தென்னை ஆண்டு முழுவதும் மகரந்தம் தருகிறது. முருங்கையும் வேம்பும் புங்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. மழைக்காலத்தில் சுருங்கிக் கிடந்த கூட்டம் இப்பொழுது வேகமாகப் பெருகுகிறது. இராணித் தேனீ ஓயாமல் முட்டையிடுகிறது. புழு அறையில் இடம் போதவில்லை. தேனும் அங்கேயே வந்து நிரம்புகிறது. பெட்டியின் வாசலில் தேனீக்கள் தாடிபோலத் தொங்குகின்றன. வளர்ப்பவர் இதைக் கண்டு மகிழ்கிறார். கவலைப்பட வேண்டிய நாளும் அதுவே.

தேனீக் கூட்டம் இனம் பெருக்குவது பிரிவினால்தான். தனித்தனித் தேனீ எவ்வளவு பிறந்தாலும் கூட்டம் ஒன்றாகவே இருக்கும். அது இரண்டானால்தான் குலம் பெருகியதாகும். ஆகவே, உணவு மிகுந்து இடம் குறைந்த வேளையில் வேலைக்காரத் தேனீக்கள் புதிய இராணியை வளர்க்க முற்படுகின்றன. பழைய இராணி, கூட்டத்தில் ஏறக்குறையப் பாதித் தேனீக்களுடன் வயிறு நிறையத் தேனை உண்டு வெளியேறுகிறது. இதற்குக் கூட்டம் பிரிதல் என்று பெயர். இராணியின் உடலிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் தேனீக்களின் வாய்வழியாகக் கூட்டமெங்கும் பரவி, வேறு இராணி வேண்டாம் என்று அவற்றைத் தடுத்து வைக்கிறது என்பதை இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பட்லர் என்னும் அறிஞர் 1950களில் விளக்கினார். கூட்டம் அளவுக்கு மிஞ்சி நெருங்கினாலும், இராணிக்கு வயது ஏறினாலும் அப்பொருள் எல்லோருக்கும் போதுமான அளவு எட்டுவதில்லை. நெரிசல், முதிய இராணி என்னும் இவ்விரண்டே பிரிவிற்கு முக்கியக் காரணங்கள் என்று அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளலாம்.

முதல் பிரிவோடு காரியம் நின்றுவிட்டால் பெரிய கேடு இல்லை. நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, மேனாட்டுத் தேனீயைவிடப் பிரியும் குணம் மிகுந்தது. பழைய இராணி போனபின், புதிதாகப் பிறக்கும் இளம் இராணியும் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு போகும். அடுத்து பிறப்பதும் போகும். இப்படி இரண்டு மூன்று முறை பிரிந்தால் பெட்டியில் எஞ்சுவது ஒரு கைப்பிடி. அவற்றால் அடைகளைக் காக்க இயலாது. மெழுகுப் பூச்சி புகுந்துவிடும். பாகூர் அன்பரின் தோப்பில் நேர்ந்தது இதுவே. தேன் சேர்க்க வேண்டிய ஆட்கள் எல்லாம் தேன் வரும் காலத்திலேயே வெளியேறிவிட்டனர்.

பிரிவு திடீரென்று வருவதன்று. சுமார் ஒரு மாதம் முன்னதாகவே அறிகுறி காட்டுகிறது. முதலாவதாக ஆண் தேனீ அறைகள் தோன்றும். இவை வேலைக்காரத் தேனீ அறைகளைவிடச் சற்றுப் பெரியவை. மூடி குவிந்து, அதன் நடுவில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாட்கள் ஆகின்றன. ஆகவே கூட்டம் அவற்றை முன்கூட்டியே வளர்க்கிறது. அடுத்து அடையின் கீழ் ஓரத்தில், தலைகீழாகத் தொங்கும் சிறு கிண்ணம்போல் இராணி அறைகள் கட்டப்படும். கிண்ணம் வெறுமையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதில் முட்டையோ, பால் போன்ற கூழில் மிதக்கும் புழுவோ இருந்தால் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். முட்டையாக 3 நாள், புழுவாக 5 நாள். ஏறக்குறைய எட்டாம் நாள் அறை மூடப்படுகிறது. முதல் அறை மூடப்பட்டதும் நல்ல வெயில் நாள் வாய்த்தால் பழைய இராணி புறப்பட்டுவிடும். புது இராணி முட்டையிலிருந்து வெளிவரச் சுமார் 16 நாட்கள் ஆகும்.

இக்கணக்கிலிருந்தே நமக்கு வேண்டிய விதி கிடைக்கிறது. தை பிறந்தது முதல் பங்குனி கழியும்வரை, வாரத்திற்கு ஒரு முறை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு சட்டத்தின் கீழ் ஓரத்தையும் பார்த்தாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்த்தால், பார்த்த மறுநாள் இட்ட முட்டை அடுத்த பார்வைக்குள் மூடிய அறையாகி, கூட்டமும் போயிருக்கும். வாரந்தோறும் பார்ப்பது வீண் தொல்லை என்று சிலர் கருதுகிறார்கள். நெசவாளர்கள் இதைச் சொல்வதில்லை. பாவில் எந்த இழை அறுந்தது என்று நாள் முழுவதும் கண் வைத்திருப்பவர்களுக்கு ஏழு சட்டங்களைப் புரட்டிப் பார்ப்பது ஒரு பாரமன்று. வில்லியனூர் அருகே ஒரு நெசவாளர் குடும்பத்தில், தறிக் கொட்டகைக்குப் பின்னால் நான்கு பெட்டிகளை வீட்டு அம்மாள் கவனித்து வருகிறார். மழைக்காலத்தில் பாவு ஓட்டத் தெருவில் இடமின்றி, தறிக்குழியிலும் நீர் ஊறித் தொழில் நின்று, அந்தக் கடன் தை மாதம் வரை தொடரும் வீடு அது. அவர் பெட்டிகளில் நான் பார்த்தவரை ஒரு கூட்டமும் சொல்லாமல் போனதில்லை.

இங்கே பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்காலத்தில் பானையிலும் சுவர்ப் பொந்திலும் தேனீ குடியிருந்தபொழுது, அடையை வெட்டாமல் உள்ளே பார்க்க வழியில்லை. அடைகளுக்கு இடையே தேனீ நடமாட ஒரு குறிப்பிட்ட இடைவெளி விட்டால் அதை அவை மெழுகால் அடைப்பதில்லை என்பதை 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார் பயன்படுத்திக் காட்டினார். எடுத்து வைக்கக்கூடிய சட்டங்கள் அதனால் உண்டாயின. அதை நம் நாட்டுச் சிறு தேனீயின் அளவிற்கு ஏற்பச் சிறிதாக்கித் திருச்சிராப்பள்ளியில் அமைத்தவர் நியூட்டன் என்னும் ஏசு சபைத் துறவி. 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தாருக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்று நம் பகுதியில் பழக்கத்திலுள்ள நியூட்டன் பெட்டி அவர் பெயரால் வழங்குவதே. கன்னியாகுமரிப் பக்கத்தில் மார்த்தாண்டத்தில், 1924 முதல் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் இத்தொழிலைப் பரப்பினார். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் 1930களிலேயே அங்கே ஏற்பட்டது. கூட்டுறவும் தேனும் சேர்ந்தது நமக்கு இன்று நேற்று வந்த வழக்கமன்று.

தடுக்கும் முறைகளில் முதலாவது இடம் கொடுத்தல். புழு அறையின் ஏழு சட்டங்களிலும் தேனீக்கள் நிரம்பிய உடனே மேலே தேன் அறையை வைக்க வேண்டும். நிரம்பி வழிந்து வாசலில் தொங்கியபின் வைப்பது, விருந்தினர் எழுந்து போனபின் இலை போடுவது போலாகும். கறுத்துப்போன பழைய அடைகளை ஒவ்வோர் ஆண்டும் சிலவற்றையாவது நீக்கி, மெழுகுத் தாள் பொருத்திய வெற்றுச் சட்டங்களை இட்டால் இளம் தேனீக்களுக்கு அடை கட்டும் வேலை கிடைக்கிறது. வேலையில்லாத இளந்தேனீக்களே பிரிவினைக்கு முதற் காரணமாகின்றன. தேன் அறையில் மூடிய தேனை உரிய காலத்தில் பிழிந்தெடுத்து அடைகளைத் திருப்பி வைப்பதும் இடம் கொடுப்பதே. மழைக்காலத்தில் கொடுத்து வந்த சர்க்கரைப் பாகைத் தை மாதத்தில் பூ வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அன்பின் மிகுதியால் மாசி வரை ஊட்டியவர்களை நான் அறிவேன். அவர்கள் பிரிவினைக்கே ஊட்டினார்கள்.

வெயில் படாத நிழலும் காற்றோட்டமும் வேண்டும். இராணிக்கு வயது ஓராண்டுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது நன்று. ஆண் தேனீ அடை மிகுதியாகக் காணப்பட்டால் அப்பகுதியை அறுத்து நீக்கலாம். கோழிகளுக்கு அது நல்ல தீனி.

இனி, இராணி அறைகளை நசுக்குவதைப் பற்றி. எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இதுவே. நானும் அப்படியே கருதி ஒரு பெரும் பிழை செய்தேன். இப்பணியில் சேர்ந்த புதிதில், ஓர் அங்கத்தினர் பெட்டியில் ஆறேழு இராணி அறைகள் மூடியிருக்கக் கண்டு, எல்லாவற்றையும் அழித்துவிடும்படி சொன்னேன். அவர் என் பேச்சை நம்பி ஒன்றுவிடாமல் அழித்தார். பழைய இராணி முன்பே வெளியேறியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. முட்டை இருக்கிறதா என்று நான் பார்த்திருந்தால், மூன்று நாளுக்குட்பட்ட முட்டையே இல்லாத குறை தெரிந்திருக்கும். புதிய இராணியை வளர்க்க முட்டையோ இளம் புழுவோ இல்லாமல் கூட்டம் அநாதையாயிற்று. சில வாரங்களில் வேலைக்காரத் தேனீக்களே ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டையாக இடத் தொடங்கின. அவற்றிலிருந்து பிறந்தவை எல்லாம் ஆண் தேனீக்கள். கூட்டம் அழிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த முறை சென்றபொழுது இளநீர் வெட்டிக் கொடுத்தார். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, பழைய இராணியைக் கண்ணாற் கண்டாலோ, நின்ற நிலையில் இருக்கும் புது முட்டையைக் கண்டாலோ அன்றி எந்த அறையையும் அழிக்கலாகாது. அழித்தாலும் பிரிவு ஒரு வாரம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. தேனீக்களை மெல்லத் துடைத்துவிட்டு ஒவ்வோர் அடையையும் பார்க்காவிட்டால் ஓர் அறை தப்பிவிடும், ஒன்றே போதும். மேலும், அடையின் ஓரத்தில் அன்றி நடுப்பகுதியில் ஒன்றிரண்டு இராணி அறைகள் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் முதிய இராணியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அதைத் தொடாமல் விடுவதே உத்தமம். வாசலில் இராணி நுழைய முடியாத தடுப்பு வைப்பதும் சில நாள் உபாயமே. இராணியின் சிறகை வெட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கூட்டம் கிளம்பும்பொழுது அது தரையில் விழுந்து எறும்புக்கு இரையாகும். சில நாளில் பிறக்கும் புது இராணியோடு கூட்டம் எப்படியும் போய்விடும்.

அறைகளில் புழு வளர்ந்து, கூட்டம் பிரிந்தே தீரும் என்ற நிலை வந்துவிட்டால், நாமே பிரித்துவிடுவதே சிறந்தது. அதன் முறையை விரிவாகவே சொல்கிறேன். நல்ல வெயில் நாளில் முற்பகலில், பலமான பெட்டியை அதன் இடத்திலிருந்து சில அடி தள்ளி வைத்து, பழைய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைக்க வேண்டும். பழைய இராணி இருக்கும் சட்டத்தைத் தேடி, அதில் இராணி அறை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தேனீக்களுடன் வெற்றுப் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் மெழுகுத் தாள் பொருத்திய சட்டங்களை இட்டு, தேன் அறையையும் இதன் மேலேயே வைக்கலாம். வெளியே சென்றிருந்த தேனீக்கள் எல்லாம் பழகிய இடத்திற்கே திரும்பி வந்து பழைய இராணியுடன் சேரும். அவற்றிற்கு இராணி உண்டு, இடம் உண்டு, புழு குறைவு. பிரிந்து வந்த கூட்டம் புது வீட்டில் குடியேறியது போன்ற நிலைமை. ஆகவே, உற்சாகமாக வேலை செய்யும். தேனும் இப்பெட்டியில்தான் கிடைக்கும்.

தள்ளி வைத்த பெட்டியில் இளந்தேனீக்களும் புழுக்களும் இராணி அறைகளும் எஞ்சும். நன்கு வளர்ந்த ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இங்கே அழித்துவிட வேண்டும். இல்லையேல் இளம் இராணி ஒவ்வொன்றாகக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போகும். இராணி பிறந்து, வெளியே சென்று கூடித் திரும்பி, முட்டையிட இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். அக்காலத்தில் பெட்டியை அடிக்கடி திறந்து தொந்தரவு செய்யலாகாது. முட்டை கண்டபின் அங்கத்தினருக்குக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டாயிற்று. கூட்டம் வேண்டாம், தேனே வேண்டும் என்பவர் முதிய இராணியை நீக்கி, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் சிறு துளைகளிட்டு விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், தேனீக்கள் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாசனை கலந்து ஒன்றாகிவிடும்.

பலம் மிகுந்த கூட்டத்திலிருந்து மூடிய புழுவடை ஒன்றை எடுத்து மெலிந்த கூட்டத்திற்குக் கொடுப்பது மற்றொரு முறை. ஒரு பெட்டியில் நெரிசல் தீர்கிறது. மற்றதில் ஆள் சேர்கிறது. சங்கத்தில் அடுத்தடுத்த அங்கத்தினர்கள் ஒருவருக்கொருவர் இவ்வாறு கொடுத்துக் கொள்ளலாம். ஆனால் நோயுள்ள பெட்டியிலிருந்து ஓர் அடையும் இடம் மாறக்கூடாது. 1991-92ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோயால் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் அழிந்தது. புழு முதிர்ந்தும் கூட்டுப்புழுவாகாமல், நீர் நிறைந்த பைபோலாகித் தலையைத் தூக்கிக்கொண்டு அறையிலேயே மடிந்து கிடப்பது அதன் அடையாளம். இதைக் கண்டவர் தம் சட்டங்களையும் கருவிகளையும் பிறருக்குக் கொடுக்கலாகாது.

எவ்வளவு கவனித்தும் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அது நேரே தூர தேசம் போவதில்லை. அருகிலுள்ள மரக்கிளையில் கொத்தாகத் தொங்கி, சில மணி நேரமோ ஓரிரு நாளோ தங்கும். அதற்குள் வேவுத் தேனீக்கள் வீடு தேடுகின்றன. 1949ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் லிண்டாவர் என்னும் இளம் அறிஞர், இத்தகைய கொத்தின்மேல் நடனமாடும் தேனீக்கள் சில புகைக்கரியும் செங்கல் தூளும் படிந்திருக்கக் கண்டார். போரில் இடிந்த கட்டடங்களில் அவை இடம் பார்த்து வந்து சேதி சொல்கின்றன என்பதை ஆராய்ந்து நிலைநாட்டினார். ஒவ்வொரு வேவுத் தேனீயும் தான் கண்ட இடத்திற்காக ஆடி, முடிவில் எல்லாம் ஒரே இடத்திற்கு இணங்கியபின்தான் கூட்டம் எழுகிறது. நம் சங்கங்களின் பொதுக்குழு சில சமயம் அவ்வளவு ஒழுங்காக முடிவெடுப்பதில்லை என்று எனக்குத் தோன்றியதுண்டு.

கொத்து தொங்கும்பொழுது நீரை மெல்லத் தெளித்து, கீழே ஒரு கூடையையோ பெட்டியையோ பிடித்துக் கிளையை ஓர் உதறு உதறினால் பெரும்பகுதி விழுந்துவிடும். இராணி உள்ளே இருந்தால் மற்றவை தாமே வந்து சேரும். மாலையில் பெட்டியில் குடியேற்றி, வேறு கூட்டத்திலிருந்து புழுவடை ஒன்றைக் கொடுத்து, சர்க்கரையும் நீரும் சம அளவு கலந்த பாகை வைத்தால் அது நிலைக்கும். தாம்பாளத்தைத் தட்டி ஓசையெழுப்பினால் தேனீ இறங்கும் என்று நம்மவர் சிலர் நம்புகின்றனர். ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே கூட்டம் தம்முடையது என்று ஊராருக்கு அறிவித்துக்கொண்டே துரத்துவதற்கும் அது உதவியது.

அந்த உரிமை வழக்கு நம் பக்கத்திலும் வந்தது. வில்லியனூர் கொம்யூனில் ஒருவர் பெட்டியிலிருந்து கிளம்பிய கூட்டம் அடுத்த வீட்டார் முருங்கையில் இறங்க, அவர் அதைப் பிடித்துப் பானையில் வைத்துவிட்டார். இருவரும் அங்கத்தினர்கள், பேச்சு முற்றிச் சங்கத்திற்கு வந்தது. பிரெஞ்சு நாட்டில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கூட்டத்தின் சொந்தக்காரர் அதை விடாமல் பின்தொடர்ந்து வரும்வரை அவருக்கே உரிமை, இல்லையேல் அது இறங்கிய நிலத்தின் உடைமையாளருக்கு உரிமை என்கிறது. சங்கத் தலைவரிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சொந்தக்காரர் அன்று வயலில் இருந்தார், துரத்தவில்லை. கூட்டம் பிடித்தவருக்கே என்றும், வரும் மாசியில் அவர் ஒரு புழுவடை திருப்பித் தர வேண்டும் என்றும் முடிவாயிற்று. பானையிலிருந்த கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தவர் சொந்தக்காரரே.

பிரிந்து போவதையும் ஓடிப்போவதையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. பிரிவில் பாதி எஞ்சும். எறும்பு, மெழுகுப் பூச்சி, உணவுக் குறைவு, கடும் வெயில், ஓயாத தொந்தரவு இவற்றால் வெறுத்துப்போனால் கூட்டம் முழுவதும் ஓடிவிடும். தாங்குகால்களின் கீழ் நீர்க் கிண்ணம் வைப்பதும், சித்திரை வெயிலில் நனைத்த சாக்கை மூடியின்மேல் இடுவதும் இதற்கு மருந்து.

பாகூர் அங்கத்தினர் பதிவேட்டில் அன்று, "3 கூட்டங்கள் கூட்டம் பிரிதலால் குறைவு, பெட்டிகள் 8ம் இருப்பில் உள்ளன" என்று எழுதினேன். தவணையைத் தள்ளிவைக்க நிர்வாகக் குழு இசைந்தது. எஞ்சிய ஐந்தில் ஒன்றில் அப்பொழுதே இராணி அறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பெட்டியைத் தள்ளி வைத்து, இராணி இருந்த சட்டத்தை நாங்கள் இருவரும் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. இவ்வாண்டு தை முதல் அவர் பெட்டி மூடிகளின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பார்வையிட்ட தேதியையும், கண்ட அறைகளின் எண்ணிக்கையையும் எழுதி வருகிறார். சென்ற வாரம் நான் சென்றபொழுது 7 பெட்டிகளில் தேனீக்கள் இருந்தன. எட்டாவதை வெயிலில் காயவைத்து, வெற்றுச் சட்டங்களை இட்டுத் தயாராக வைத்திருந்தார்.

செய்முறையை நேரில் காண விரும்புவோர் குரும்பாப்பேட்டையிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். நான்கைந்து பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்பது சௌகரியம். அடுத்த மாதம் முதல் நான் பார்வையிடும் சங்கங்களில், கூட்டப் பதிவேட்டில் "இராணி அறை கண்ட தேதி" என்று ஒரு பத்தியைச் செயலாளர்கள் கோடிட்டு வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.